நோட்டீஸ் அடித்தாகிவிட்டது!

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் திருநின்றவூரில் இருக்கிறான். ஆணழகன் போட்டிகளில் பரிசு வாங்குவதும், மற்ற நாட்களில் ஜிம்மில் பிள்ளைகளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதுமே அவனுக்கு ஜீவனம். போன வருஷம் பாரத்தைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுந்தபோது முழங்காலுக்கு மேலே தசைநாண் அறுந்து போயிற்று. அறுவை சிகிச்சை நடந்தது. நாலாவது மாதம் பார்க்கப் போன நானும் என் பங்குக்கு, "சீக்கிரம் மேடைக்கு வா தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். சும்மா இருக்கிறதா இந்த வாய்!

சென்ற வாரம் ரயிலடிக்குப் பக்கத்தில் அவன் படத்தைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேல் பேனர். "சிங்கம் திரும்பி வருகிறது" என்று கீழே வாசகம். சிங்கம் என்னிடம் தணிந்த குரலில் சொல்லிற்று:

"இன்னும் ஆறு மாசம் போகட்டும்னு டாக்டர் சொல்றாரு சார். ஆனா நோட்டீஸ் அடிச்சாச்சு. அண்ணன் செலவு பண்ணிட்டாரு. நான் வரலேன்னா அவருக்கு என்ன மரியாதை?"

அண்ணன் என்பவர் போட்டியை நடத்தும் உள்ளூர்ப் பிரமுகர். கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடக் கொடுத்தாராம். அதனால்தான் பையனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

விழுந்தவன் எழுந்தான் என்ற கதை நமக்கெல்லாம் வெல்லம். கதை எழுதிப் பிழைக்கிறவன்தானே நான். மூன்றாம் அத்தியாயத்தில் விழுந்தவனை ஐந்தாம் அத்தியாயத்தில் எழுப்பாவிட்டால் எத்தனை கடிதம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உடம்புக்கு அந்த அவசரம் கிடையாது. முன்பே பழகிய சதை, பயிற்சி தொடங்கியதும் சீக்கிரமே திரண்டுவிடும். சதையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணோ ரத்த ஓட்டம் குறைந்தது, மெதுவாகத்தான் தேறும். கண்ணாடியில் தொடை பழைய தொடையாகத் தெரிகிற சமயத்தில், அதைப் பிடித்திருக்கும் கயிறு இன்னும் அரைகுறையாக இருக்கலாம். மேடையில் பார்க்கிறவர்களும் கண்ணாடி மாதிரிதான். சதையை மட்டும் பார்த்துக் கை தட்டுவார்கள்.

"வேலூர் சதீஷ் சிவலிங்கம் ஜெயிக்கவில்லையா?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். ஜெயித்தார். தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்று தொடையில் காயம் பட்டவர், அது முழுதும் ஆறாமலே 2018-ல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குப் போய் 317 கிலோ தூக்கித் தங்கம் கொண்டுவந்தார். 2014-ல் கிளாஸ்கோவில் அவர் தூக்கியது 328. அந்தத் துணிச்சலுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் நாலு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற காமன்வெல்த் போட்டியும் நம்மூர்ப் பந்தலும் ஒன்றா, ஐயா?

ஆணழகர்களிலேயே ஓர் உதாரணம் வேண்டுமானால் பிராங்கோ கொலம்பு இருக்கிறார். 1976-ல் மிஸ்டர் ஒலிம்பியா. மறு வருஷம் உலகப் பலசாலிப் போட்டியில் ரெப்ரிஜிரேட்டரை முதுகில் சுமந்துகொண்டு ஓடும்போது கால் மடங்கி மூட்டு பிசகிற்று. ஒலிம்பியா மேடைக்குத் திரும்பி மறுபடி பட்டம் வாங்கியது 1981-ல். கால்கள் போதவில்லை, தீர்ப்பு தவறு என்று சண்டை போட்டவர்கள் உண்டு. அது அவர்கள் பாடு. நடுவில் நாலு வருஷம் விட்டாரே, அதைத்தான் நான் பார்க்கிறேன்.

திருநின்றவூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் வெளியூர்க்காரன் சொல்ல வேண்டியதே இல்லை. பூசலார் நாயனாரின் ஊர் அது. கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ ராஜா நிஜக் கல்லில் கட்டிய கோயிலுக்கும் அதே நாளில் கும்பாபிஷேகம். சுவாமி ராஜாவின் கனவில் வந்து, வேறு நாள் பார்த்துக்கொள் என்றாராம். பூசலாரிடம் போய் அவசரப்படுத்தவில்லை. ராஜா எத்தனை ஓலை அனுப்பியிருப்பான், எவ்வளவு செலவழித்திருப்பான்! நாளை மாற்றிக்கொண்டான்.

அண்ணனைத் தேடிப் போய் இந்தக் கதையைச் சொன்னேன். இருதயாலீசுவரர் பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நல்ல கதை சார். பேனர் காசை யாரு குடுப்பா?" என்றார். பிறகு நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். பரிசு வழங்குபவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலடிக்குத் திரும்பினேன்.