தங்கராஜ் பெயரில் ஒரு கோப்பை வேண்டும்

ஐதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமென்ட் கால்பந்து அணிக்கு முதலில் முன்கள வீரராக ஆடி, பிறகுதான் கோல்கீப்பரானார். அந்த அணி 1955, 1958 ஆண்டுகளில் டூராண்ட் கோப்பையை வென்றது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸை 1-1 எனத் தடுத்த இந்திய அணியில் அவர் இருந்தார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டி. அரங்கத்தின் கூச்சல் முழுக்க இந்தியாவுக்கு எதிராக. காய்ச்சலிலிருந்து மீண்டிருந்த தங்கராஜ் கோல் கம்பத்தைக் காத்தார்; தலையில் தையலோடு ஜர்னைல் சிங் கோல் அடித்தார். தென்கொரியாவை 2-1 என வீழ்த்தித் தங்கம்! ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா வென்ற கடைசித் தங்கம் அதுதான்.

1967இல் அர்ஜுனா விருது, 2008இல் மரணம்.

இன்று நம் பூந்தமல்லியிலும் ஆவடியிலும் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு மெஸ்ஸியைத் தெரியும், தங்கராஜைத் தெரியாது. குற்றம் பிள்ளைகளுடையதல்ல. பூந்தமல்லி நகராட்சி பள்ளி அணிகளுக்கு அவர் பெயரில் ஆண்டுதோறும் போட்டி நடத்தட்டும். சிறந்த கோல்கீப்பருக்குத் தனிப் பரிசு தரட்டும்.