இசைக்கருவியும் இல்லக் கணக்கும்

சென்ற ஆண்டு நம் மகளுக்குக் கீபோர்டு ஒன்று வாங்கினோம். நூற்றுக்கணக்கான ஒலிகள் உண்டெனப் பெட்டியில் அச்சிட்டிருந்ததைக் கண்டு மயங்கினோம். ஆசிரியையோ, "மெல்ல அழுத்தினும் வலிந்து அழுத்தினும் ஒரே ஓசைதானே, விரல் எதனைக் கற்கும்?" என்றார். குழந்தை தலைகுனிந்தாள். பிழை நம்முடையது.

அன்பர்களே, ஒலிகளின் எண்ணிக்கையில் மயங்கற்க. அழுத்தத்திற்கேற்ப ஓசை மாறும் 'டச் ரெஸ்பான்ஸ்' உண்டாவென முதலில் வினவுக. பியானோவிற்கு 88 கட்டைகள். தொடக்கப் பயிற்சிக்கு 61, அதாவது ஐந்து ஸ்தாயி, போதும். ஆயின் கட்டைகள் முழு அகலம் உடையனவாதல் வேண்டும். குறுங்கட்டைகளில் பழகிய விரல் பின்னர் தடுமாறும். பியானோவைப் போன்றே கனமான 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவின் விலை மிகுதி. பயிற்சி நிலைத்தபின் அதனைக் கருதலாம். கர்நாடக இசை பயில்வோர், கமகத்திற்கு உதவும் 'பிட்ச் பெண்ட்' சக்கரம் உள்ளதைத் தேடுக. ஹெட்போன் துளையும் இன்றியமையாதது. நம் குடியிருப்புகளில் இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவோர் பலர். அடாப்டருக்கும் ஸ்டாண்டிற்கும் தனி விலையோவெனக் கேட்டறிக.

நாம் பழையதை விற்று, மேலும் சிறிது சேர்த்து, ஒருவர் பயன்படுத்திய கருவியை வாங்கினோம். பணம் கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டையையும் மகளே அழுத்திப் பார்த்தாள். முதற்கட்டையை மெல்லத் தொட்டவள், நம்மை நிமிர்ந்து நோக்கி நகைத்தாள்.