வழுக் களைதலும் வழுவை மறைத்தலும்

இரண்டு முறைவழியாக்கிகள் பொருத்தப்பட்ட பழைய மேசைக் கணனியொன்றைக் கருதுவோம். அவ்விரண்டையும் ஒருங்கே ஆளவல்ல பணிசெயல் முறைமை அதில் நிறுவப்படுகின்றது. சில மணி நேரம் செவ்வனே இயங்கிய கணனி திடீரென உறைந்துவிடுகின்றது. விசைப்பலகை பணிவதில்லை, திரை அசைவதில்லை, பிழைச் செய்தியும் எஞ்சுவதில்லை. இந்நிலையில் அனுபவசாலிகள் கூறும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: "ஒரு முறைவழியாக்கியை நிறுத்திவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்." அவ்வாறே செய்யப்படுகின்றது. கணனியும் உறையாது இயங்குகின்றது. சிக்கல் தீர்ந்தது எனக் கருதி அனைவரும் கலைந்து செல்கின்றனர்.

சிக்கல் தீரவில்லை என்பதே எமது வாதம். அங்கு நிகழ்ந்தது வழுக் களைதல் அன்று. வழுவைக் கண்ட சாட்சியை மன்றிலிருந்து வெளியேற்றியமையே ஆகும். கணனி கற்கும் மாணவரிடையே இவ்வழக்கம் ஒரு மருத்துவ முறையாகவே மதிக்கப்படுவதனால், இதனை வெளிப்படையாகக் கண்டிப்பது அவசியமாகின்றது.

முதலில் நோயின் இயல்பை நோக்குவோம். பணிசெயல் முறைமையின் கருவாகிய கேர்ணல், நினைவகத்தில் ஓர் எண்ணிக்கையைப் பேணுகின்றது எனக் கொள்க. அதன் பெறுமானம் 7. முதலாவது முறைவழியாக்கி அதனை வாசித்து ஒன்று கூட்ட முற்படுகின்றது. அது 8 என எழுதுமுன் இரண்டாவதும் அதே 7ஐ வாசித்துவிடுகின்றது. இரண்டும் 8 என்றே எழுதுகின்றன. 9 இருக்கவேண்டிய இடத்தில் 8 நிற்கின்றது. இதனைத் தவிர்க்கவே கேர்ணலில் பூட்டுகள் இடப்படுகின்றன. ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றொன்று வாயிலில் காத்து நிற்கும். பூட்டிட மறந்தால் எண்ணிக்கை பிழைக்கும். இரு பூட்டுகளை முறைமாறிப் பற்றினாலோ, ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் என்றென்றும் நின்றுவிடும். உறைந்த திரைக்குப் பின்னால் நிகழ்வது பல வேளைகளில் இதுவே.

ஒற்றை முறைவழியாக்கிக்கெனத் தொகுக்கப்படும் எளிய கேர்ணலில், இவ்வகைச் சுழற்பூட்டுகள் பொறிக் கட்டளைகளாக மாறுவதேயில்லை. தேவையற்றவை என அவை தொகுப்பின்போதே மறைந்துவிடுகின்றன. ஆகவே பூட்டை உரிய இடத்தில் இட்டவனும் இட மறந்தவனும் அங்கு ஒரே புள்ளியுடன் தேர்ச்சி பெறுகின்றனர். இரண்டாவது முறைவழியாக்கி தவறு செய்யவில்லை. முன்னரே இருந்த தவற்றை அது காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 பல முறைவழியாக்கிகளை ஏற்றபோது, கேர்ணல் முழுவதற்கும் ஒரே பெரும் பூட்டு இடப்பட்டிருந்தது. ஒரு வேளையில் ஒன்றே உள்ளே நுழையலாம். அப்பூட்டைச் சிறு பூட்டுகளாகப் பிரித்து, அதன் இறுதி எச்சத்தையும் அகற்ற 2011 வரை சென்றது. இவ்விடைக்காலத்தில், 1999இல் வந்த ஏபிட் பிபி6 என்னும் தாய்ப்பலகை, இரட்டைப் பயன்பாட்டிற்கென இன்ரெல் நிறுவனம் கருதியிராத மலிவான செலரோன்கள் இரண்டை ஒருங்கே இயக்கி, பல் முறைவழியாக்கத்தைச் சாதாரண மேசைக்குக் கொண்டுவந்தது. 2003 டிசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6, கேர்ணலினுள் ஓடும் பணியை இடைநிறுத்தி வேறொன்றைப் புகுத்தும் வசதியை அளித்தது. அதனால் பூட்டுத் தவறுகள் ஒற்றை முறைவழியாக்கியிலும் தலைகாட்டலாயின. "எனக்கு ஒன்றே போதும்" என ஒதுங்கியவரின் வாயிலுக்கே நோய் வந்து சேர்ந்தது.

அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது? முறையாக வினவுதலே. பழைய கணனியில் குற்றவாளி எப்பொழுதும் மென்பொருளன்று. வீங்கிக் கசிந்த கொள்ளளவிகள், தூசடைந்த விசிறி, தளர்ந்த மின்வழங்கி, பழுதுற்ற நினைவகம் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தோற்றுவிக்கும். ஆதலால் நினைவகச் சோதனையை ஓரிரவு முழுவதும் ஓடவிட்டு, வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்தறிதல் முதற்படியாகும். முறைவழியாக்கிகள் இரண்டையும் இடம்மாற்றிப் பொருத்துக. ஒவ்வொன்றையும் தனித்தும் இயக்கிப் பார்க்க. தவறு ஒரு முறைவழியாக்கியையே பின்தொடர்ந்து சென்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இதன்பின்னரே தொடக்கக் கட்டளைகளுக்கு வரவேண்டும். லினக்ஸில் 'மக்ஸ்சிபியூஸ்=1' என இட்டால் ஒரு முறைவழியாக்கி மட்டுமே இயங்கும்; ஆயினும் குறுக்கீடுகளைப் பகிர்ந்தளிக்கும் ஐ.ஓ.ஏபிக் சுற்று தொழிற்படும். 'நோஎஸ்எம்பி' என இட்டாலோ அச்சுற்றும் முடக்கப்படும். ஆகவே முன்னையதில் உறைந்து பின்னையதில் ஓடும் கணனியில், ஐயம் பூட்டுகள்மீதன்று, குறுக்கீட்டு வழிப்படுத்தல்மீதும் பலகையின் பயோஸ் அளித்த அட்டவணைகள்மீதும் எழவேண்டும். முன்னையதில் ஓடி, இரண்டும் இயங்கும்போது மட்டும் உறைந்தால் பூட்டுகளை ஆராய்க. நம்மவர் மருந்தென விழுங்கும் அதே கட்டளை உண்மையில் நோயறியும் கருவி என்பது இதனாற் புலனாகும். பயன்படுத்தியதில் தவறில்லை, அத்துடன் நின்றுவிட்டதே தவறு.

திரை உறைந்தபின்னும் செய்தி பெற வழியுண்டு. தொடர்வாயிலில் வேறொரு கணனியை இணைத்தால் கேர்ணலின் இறுதிச் சொற்கள் அங்கு பதிவாகும். மறுக்கவொண்ணாக் குறுக்கீட்டால் இயங்கும் காவற்கடிகாரம், முறைவழியாக்கி எவ்விடத்தில் நின்றதென அறிவிக்கும். 2006 முதல் லினக்ஸிலுள்ள பூட்டொழுங்குச் சோதிப்பான், முட்டுக்கட்டை நிகழுமுன்னரே அதற்கான வாய்ப்பைச் சுட்டும். ஆயின் ஓர் எச்சரிக்கை: செய்தி அச்சிடுவதே நேரத்தை மாற்றும், நேரம் மாறினால் வழு ஒளிந்துகொள்ளவும் கூடும். ஒளிந்ததை ஒழிந்ததாகக் கொள்ளலாகாது.

"இப்பழம் இரும்பை ஏன் சுமக்கவேண்டும்? மின்சாரமும் நேரமும் வீணல்லவா?" என வினவுவோர் உளர். அவர் வாதத்தில் உண்மையுண்டு. 80386 முறைவழியாக்கிக்கான ஆதரவை 2012இல் லினக்ஸ் கேர்ணலிலிருந்து அகற்றியோர், அதனைப் பேணுவது பூட்டுகளின் அடிப்படைகளைத் திருத்துவதற்கு நெடுங்காலம் இடையூறாயிருந்தமையைக் கூறியே அகற்றினர். காரணம் கூறப்பட்டது, முடிவு பகிரங்கமாயிற்று. அதனை யாம் குறைகூறோம். பழையதைக் கைவிடுதல் வேறு. பழையதில் தோன்றிய தவற்றை ஆராயாது கைவிடுதல் வேறு. மேலும், கற்பவனுக்குப் பழைய கணனி தரும் வாய்ப்பைப் புதியது எளிதில் தராது. அதன் முறைவழியாக்கியைக் கையாற் கழற்றலாம், தொடர்வாயில் அதிலேயே உண்டு, கெட்டுப்போனாலும் பேரிழப்பில்லை.

மறைக்கப்பட்ட வழு மேசையோடு நின்றுவிடுவதில்லை. தெராக்-25 என்னும் கதிர்மருத்துவப் பொறி 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையே ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்க்கு அளவிறந்த கதிர்வீச்சைச் செலுத்தியது; அவர்களுட் சிலர் மாண்டனர். 1986இல் ரெக்சாஸ் மாநிலத்து ரைலர் நகரில் நிகழ்ந்த விபத்துகளின் காரணம், ஒரே வேளையில் நடைபெறும் பணிகள் ஒன்றையொன்று முந்தியமையே. இயக்குநர் விரைந்து திருத்திய தரவை மற்றொரு பணி கவனியாது விட்டது. அப்பொறியில் இருந்தது ஒரே முறைவழியாக்கி என்பது மனங்கொள்ளத்தக்கது. இதனினும் கொடிய உண்மை பின்னர் வெளிவந்தது. அதன் முன்னோடியாகிய தெராக்-20இலும் அதே வழு இருந்தது. ஆயின் அங்கு தனித்தியங்கிய வன்பொருட் காப்புகள் தீங்கைத் தடுத்தன. தீங்கு நிகழாமையால் வழுவை எவரும் தேடவில்லை. காப்புகள் நீக்கப்பட்ட அடுத்த பொறியில் அது உயிர்களைப் பறித்தது.

ஒரு முறைவழியாக்கியை நிறுத்தி நிம்மதியடைவோர் செய்வதும் இத்தகையதே. அவர்கள் வழுவைப் பாதுகாப்பாக அடுத்த கணனிக்கு அனுப்பிவைக்கின்றனர்.

தமிழிலக்கணம் கற்றோர் வழுவையும் வழுவமைதியையும் வேறுபடுத்தி அறிவர். காரணங்காட்டி ஆன்றோர் ஏற்றுக்கொண்டதே வழுவமைதி. காரணமின்றி விடப்பட்டது என்றும் வழுவே. கணனியிலும் அவ்வாறே. "இக்கணனியில், இக்காரணத்தால், இரண்டாவதை நிறுத்தியுள்ளோம், தவறு இன்ன இடத்தில் உள்ளது" என எழுதி வைத்தால் அது அமைதி. வாய்மூடி நிறுத்தினால் அது வழு. மாணவர்கள் தம் ஆய்வுகூடக் குறிப்பேட்டில் அவ்வொரு வரியையேனும் எழுதுவாராக. விரிவுரையாளர்கள் "ஓடுகின்றதா?" என்று மட்டும் கேளாது, "ஏன் ஓடவில்லை, இப்பொழுது ஏன் ஓடுகின்றது?" என்றும் கேட்பாராக.