ஐந்து கட்டைக்குப் பக்கத்தில் ஒரு ‘ம்ம்ம்…’

ஏற்காட்டில் வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு ஒரு வசதி. ஃபேன் போட வேண்டியதில்லை. 1,500 மீட்டர் உயரக் குளிரில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால், நகரத்தில் ஸ்டூடியோவுக்கு வாடகை கொடுத்து வாங்கும் அமைதி சும்மாவே கிடைக்கும். சிக்கலும் அந்த அமைதியில்தான். ஹெட்போனை மாட்டியதும் ‘ம்ம்ம்…’ என்று அடியில் ஓர் இரைச்சல். கீழே சேலத்தில் அது ஃபேன் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மலையில் அப்பட்டமாகக் கேட்கும்.

இதற்குப் பெயர் ஹம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அடிக்கிறது. அந்த 50-ம், அதன் இரட்டிப்பான 100-ம்தான் மைக் வழியாகக் காதில் விழுகின்றன. பெண்கள் பலர் பாடும் ஐந்து கட்டைக்குத் தம்புராவின் மந்தர ஷட்ஜம் 98. ஹம்மோ 100. ஒட்டியும் ஒட்டாமலும், நொடிக்கு இரண்டு முறை அலையடித்துக்கொண்டே இருக்கும். பாடுபவர் “சுருதி சேரவில்லையே” என்று தன்னையே சந்தேகிப்பார். பாவம், குற்றவாளி சுவரில் இருக்கிறது.

பிடிப்பது எளிது. யாரும் பாடாமல் அரை நிமிடம் வெறுமனே ரெக்கார்டு செய்யுங்கள். அடுத்து, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மறுபடி அரை நிமிடம். ஹம் போய்விட்டதா? பாதி வழக்கு முடிந்தது. சார்ஜரைப் போட்டபடியேதான் வேலை பார்க்க வேண்டுமென்றால், லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றுக்கும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மின்சாரம் கொடுங்கள். இந்தச் சுவரில் ஒன்று, எதிர்ச்சுவரில் ஒன்று என்று இருந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் வரும். அதைச் சமன் செய்ய மின்சாரம் உங்கள் ஆடியோ வயரின் மேலுறை வழியே நடக்கும். அந்த நடையின் சத்தமே ஹம். வீட்டோடு பின்னால் சேர்த்துக் கட்டிய அறைக்குத் தனி எர்த் குழி இருந்தால் தொல்லை இன்னும் அதிகம். இரண்டு குழிகளையும் கனமான கம்பியால் இணைத்துவிடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

மைக் வயர் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர் ஆக இருக்கட்டும். அதில் ஒலி இரண்டு கம்பிகளில் எதிரெதிராக வரும். வழியில் ஒட்டிக்கொண்ட ஹம் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கடைசியில் கழிந்துபோகும். அடாப்டர்களோடு அதைச் சுருட்டி வைக்காதீர்கள். மழைக்குக் கரண்ட் போய் மலிவு விலை இன்வெர்ட்டரில் ஓடும்போது வருவது ஹம் அல்ல, ‘கர்ர்ர்’. கரண்ட் வரும்வரை காபி குடிக்கலாம்.

இனி ஆபத்தான விஷயம். மூணு பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த பின்னை வெட்டிவிட்டால், அல்லது ரெண்டு பின் கன்வெர்ட்டர் போட்டால், பல சமயம் ஹம் நின்றுவிடும். யாரோ ஒருவர் இந்த யோசனையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். செய்யாதீர்கள். அந்தப் பின் எர்த். கருவியின் உள்ளே கசிவு வந்தால் அது மண்ணுக்குப் போகும் வழி. வழியை அடைத்தால் அது மைக்கின் உலோகத்தில் காத்திருக்கும், பாடுபவரின் உதட்டுக்காக. யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-ல் இங்கிலாந்தில், தன் வீட்டில், எர்த் சரியில்லாத எலக்ட்ரிக் கிதார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 33. ஹம் தாங்க முடியவில்லையென்றால் ஆடியோ வயரின் நடுவே மாட்டும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி கிடைக்கிறது. ‘ஹம் எலிமினேட்டர்’ என்று கேளுங்கள். பவர் வயரில் கை வைக்க வேண்டாம்.

சேர்வராயன் மலையில் பின் இருந்தும் எர்த் இல்லாத நிலை வரலாம். இங்கே அடியில் இருப்பது சார்னோகைட் பாறை, சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் அதே இனம். மேல்மண் குறைந்த இடத்தில் குழி ஆழம் போகாது; போனாலும் கோடையில் காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் வாங்காது. அங்கே எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் கசிந்தால் 4.6 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. அதனால்தான் மலைவீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி கட்டாயம் என்கிறேன். எர்த் சுமாராக இருந்தாலும் அது நொடியில் ஒரு சிறு பங்குக்குள் விழுந்துவிடும். அதிலிருக்கும் ‘டெஸ்ட்’ பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். பாறை இடமென்றால் ஒரே ஆழக் குழிக்குப் பதில் இடைவெளி விட்டு இரண்டு மூன்று குழிகள் எடுத்து இணைக்கலாம். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து சொல்லும் எலக்ட்ரீஷியன் கிடைத்தால் விடாதீர்கள். இடி இடிக்கத் தொடங்கினாலோ எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கோடை மழை முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வருவதில்லை.

ஏற்கெனவே ஹம்மோடு ரெக்கார்டு ஆகிவிட்ட பாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ‘நாட்ச் ஃபில்டர்’ இருக்கிறது. 50-ஐயும் 100-ஐயும் மட்டும் மெல்லிசாக வெட்டுங்கள். ஐந்து கட்டைப் பாட்டில் 150-ஐத் தொட்டால் 147-ல் இருக்கும் மந்தர பஞ்சமம் மெலியும். 200-ஐத் தொட்டால் 196-ல் இருக்கும் ஷட்ஜமே போகும். 100-ஐ வெட்டும்போது தம்புராவின் 98-ம் கொஞ்சம் சாப்பிடப்படும் என்பதால், அடுத்த முறை தம்புராவைத் தனி டிராக்கில் எடுங்கள். குரலை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, அதை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.