கைப்பிடிக்குள் ஒரு சாணை

போன மாதம் ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன். கைப்பிடியிலேயே சாணை! சின்னதாக ஒரு 'வி' பள்ளம். இருபுறமும் டங்ஸ்டன் கார்பைடு, எஃகைவிடக் கடினம். எந்தக் கத்தியையும் அதில் இழுத்தால் சர்ர்ர்... கூர் ரெடி.

ஆபீஸில் டெமோ முடிந்ததும், அப்பாவின் முப்பது வருஷப் பேனாக்கத்தியில் கை வைத்தேன். மழுங்கின கத்திதான் ஆபத்து. அழுத்தி வெட்டும்போது வழுக்கி, விரலைப் பதம் பார்த்துவிடும். நல்ல எண்ணம்தான். ஆனால் தினம் ஐம்பது இழுப்பு!

தெருவில் சாணை பிடிக்கிறவர் பார்த்துவிட்டு, "தீட்டல சார், சுரண்டியிருக்கீங்க. மழுங்கினா மட்டும், அழுத்தாம நாலு இழுப்பு போதும்" என்றார்.

ஈர்க்குச்சியாகிவிட்ட கத்தியை அப்பாவிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லடா, பல் குத்த ஆகும்."

சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.