கையைப் பிடிக்கிற வித்தை கை கொடுக்குமா?



இந்தத் தடவை நம் சுவர் இதழில் சண்டையைப் பற்றி எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், யாரையும் அடிக்கச் சொல்லப் போவதில்லை!

'இப் மேன்' படம் பார்த்த ரெண்டு பேர் நம் பள்ளியில் எங்கே சேர்ந்தாலும் ஒரே பேச்சுதான். "எதிராளி குத்த வந்தா அவன் கையைத் தட்டி, இழுத்து, அவன் ரெண்டு கையையும் நம்ம ஒரு கையாலேயே கட்டிப்போட்டுடலாம்ல! மிச்சமிருக்கிற கையால குத்து குத்துன்னு குத்தலாம்!" என்று ஒருவன் சொல்வான். "போல! அதெல்லாம் சினிமாவுலதான் நடக்கும்" என்று இன்னொருவன் சொல்வான். மணி அடிக்கும் வரை இந்த வழக்கு முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வித்தை பொய் இல்லை. ஆனால் ஆபத்து வரும்போது நம்மைக் காப்பாற்றப் போவது அது இல்லை. அப்படியானால் எது என்று கேட்கிறீர்களா? அதற்கான பதில் நம் கடையத்திலேயே இருக்கிறது. அதற்கு முன் வித்தையைக் கொஞ்சம் பார்ப்போம்.

அது என்ன வித்தை?

படத்தில் வருவது விங் சுன் என்ற தென் சீனத்துச் சண்டைக் கலை. இப் மேன் (1893–1972) கற்பனைப் பாத்திரம் இல்லை. ஹாங்காங்கில் விங் சுன் சொல்லிக் கொடுத்த நிஜமான ஆசான். 1950களில் அவரிடம் படித்த பையன்தான் பின்னால் உலகமே கொண்டாடிய புரூஸ் லீ.

விங் சுன்னில் கையை மடக்கும் அடவுகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. எதிராளியின் கையைத் தட்டி அவன் நெஞ்சோடு ஒட்ட வைப்பது 'பாக் சாவ்'. பிடித்து இழுப்பது 'லாப் சாவ்'. ரெண்டு பேர் முன்னங்கைகளை ஒட்டியபடியே சுழற்றிப் பழகுவது 'சீ சாவ்'. ஒட்டும் கை என்று பொருள். கிட்ட நிற்கும்போது எதிராளியின் கைக்கு வழியை அடைத்துவிட்டு நம் கைக்கு வழி திறப்பதுதான் இவை எல்லாவற்றின் நோக்கம்.

இது சீனாவுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. நம் பக்கத்துக் குத்துவரிசையிலும், கன்னியாகுமரிப் பக்கத்து அடிமுறையிலும் பிடி, பூட்டு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். மணிக்கட்டைத் திருகுவது, முழங்கையைப் பூட்டுவது எல்லாம் அதில் உண்டு.

"நம்ம போதிதர்மர்தான் சீனாக்காரனுக்கே சொல்லிக் கொடுத்தார்" என்று இந்த இடத்தில் ஒருவர் எழுந்து நிற்பார். 'ஏழாம் அறிவு' (2011) பார்த்தவர் என்று அர்த்தம்! ஆனால் போதிதர்மரைச் சண்டைக் கலையோடு சேர்த்துச் சொல்லும் கதை 17ஆம் நூற்றாண்டுச் சீன நூலில்தான் முதலில் தலைகாட்டுகிறது. அவர் வாழ்ந்த காலமோ அதற்குச் சுமார் ஆயிரம் வருடம் முந்தையது. யார் கண்டுபிடித்தால் என்ன? பலிக்குமா என்பதுதான் நம் கேள்வி.

ஸ்கேல் சொல்லும் உண்மை

ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பன் ஒரு 30 செ.மீ. ஸ்கேலை மேல் நுனியில் பிடித்துத் தொங்க விடட்டும். 0 இருக்கும் கீழ் நுனியில் உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவன் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். எத்தனை செ.மீ.யில் பிடித்தீர்கள்? 20 செ.மீ. என்றால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.2 வினாடி. 15 செ.மீ. என்றால் சுமார் 0.17 வினாடி. (இயற்பியல் புத்தகத்தில் இருக்கும் தானே விழும் பொருளின் சமன்பாட்டைப் போட்டால் கணக்கு வரும்.)

கண் பார்த்து, மூளை முடிவு செய்து, கை அசைய எல்லாருக்கும் ஏறக்குறைய இவ்வளவு நேரம் ஆகும். பழகிய ஆள் விடும் குத்தும் கிட்டத்தட்ட இந்த நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். நாம் பிடிக்கப் போகும்போது அந்தக் கை திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். ஆக, பறந்து வரும் குத்தைப் பார்த்துப் பிடிப்பது நடக்காத காரியம்.

சீன ஆசான்களுக்கு இது தெரியாமல் இல்லை. தொடு உணர்ச்சிக்குக் கை அசைவது, கண்ணால் பார்த்து அசைவதைவிடச் சற்று வேகம். அதனால்தான் கையோடு கையை ஒட்டிப் பழகும் சீ சாவை வைத்தார்கள். கை ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருந்தால்தான் இந்த வித்தைக்கு உயிர். தொடாத கையிடம் அது செல்லாது. சினிமா இதை நமக்குச் சொல்வதில்லை.

திமிறுகிறவனிடம் பலிக்குமா?

சினிமாவில் அடி வாங்குகிறவர் கையை நீட்டியபடியே நிற்பார். நாம் தட்டலாம், இழுக்கலாம், பூட்டலாம். அவருக்குச் சம்பளம் உண்டு! நிஜத்தில் எவன் அப்படி நிற்பான்? கையை உருவுவான், மறு கையால் அடிப்பான், தலைமுடியைப் பிடிப்பான், தள்ளி விடுவான்.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் பலவகைச் சண்டைக் கலைக்காரர்களை மிகக் குறைந்த விதிகளோடு மோதவிட்ட யு.எஃப்.சி. போட்டி தொடங்கியது. அதில் ஜெயித்தவர் ராய்ஸ் கிரேசி என்ற பிரேசில்காரர். பெரிய மலை மாதிரி ஆள் இல்லை. கட்டிப் பிடித்துத் தரையில் மடக்குகிறவர். அதற்குப் பிறகு நடந்த போட்டிகளில் படத்தில் வருவது போல் ரெண்டு கையையும் அடுக்கடுக்காகக் கட்டிப்போடும் காட்சி அபூர்வம். ஆனால் மணிக்கட்டைப் பிடித்து அழுத்துவது, கழுத்தைக் கட்டிக்கொண்டு கையை மடக்குவது எல்லாம் எப்போதும் நடக்கும். ஏனென்றால் அங்கே உடம்பும் உடம்பும் ஒட்டியிருக்கிறது.

ஜப்பானில் 1882இல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, எதிராளி முழு பலத்தோடு எதிர்க்கும் பயிற்சிக்கு முக்கிய இடம் கொடுத்தார். அதற்கு 'ராண்டோரி' என்று பெயர். நூறு அடவுகளை அசையாத ஆளிடம் செய்து பார்ப்பதைவிட, பத்து அடவுகளைத் திமிறுகிற ஆளிடம் செய்து பார்ப்பது மேல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்ம ஊர்ப் பழமொழி சொல்வதும் இதைத்தானே!

நமக்குத் தெரிந்த ராண்டோரி

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜப்பான் போக வேண்டிய அவசியமே இல்லை. நம்மிடம் கபடி இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கியவர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார்.

கபடி முழுக்க முழுக்கப் பிடிக்கிற ஆட்டம். பாடி வருகிறவர் நிச்சயமாகத் திமிறுவார். அப்படிப்பட்ட ஆட்டத்தில் எதைப் பிடிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் கணுக்கால், தொடை, இடுப்பு. கையை மட்டும் பிடித்து ஒருவரை நிறுத்துவது கஷ்டம். கை வேகமானது, வேர்வையில் வழுக்கும், உடம்பின் எடை அதில் இல்லை. ஒருத்தர் பிடித்தாலும் மற்றவர்கள் ஓடிவந்து விழுந்தால்தான் ஆள் நிற்பார். பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஆட்டம் சொல்லும் பாடம் இது. தெருவில் நிற்கும் நாம் கையைப் பிடித்தே ஜெயித்துவிடுவோம் என்று நம்பலாமா?

கல்யாணிபுரம் கற்றுக் கொடுத்தது

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2019 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை இரவு. (அப்போது நாம் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி மாவட்டம் அந்த வருடம் நவம்பரில்தான் பிறந்தது.) கடையம் பக்கத்துக் கல்யாணிபுரத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் கழுத்தில் பின்னாலிருந்து ஒருவன் துணியைப் போட்டு இறுக்கினான். முகமூடி போட்ட ரெண்டு பேர். அரிவாளும் இருந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த பாட்டி என்ன செய்தார்கள்? கையில் கிடைத்த செருப்பை எடுத்து வீசினார்கள். பிறகு பிளாஸ்டிக் நாற்காலி! தாத்தாவும் பிடியிலிருந்து விடுபட்டு நாற்காலியைத் தூக்கினார்கள். ரெண்டு பேரும் மாறி மாறி வீச, அரிவாள் வைத்திருந்தவர்கள் ஓடினார்கள். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. அந்த ஆகஸ்ட் 15 அன்று தமிழக அரசின் வீரத்துக்கான சிறப்பு விருதும் அவர்களுக்குக் கிடைத்தது.

எல்லாரும் அவர்கள் தைரியத்தைப் பாராட்டினார்கள். நான் இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய தாத்தாவும் அறுபதைத் தாண்டிய பாட்டியும் அரிவாள் பிடித்த கையைப் பிடிக்கப் போகவில்லை. நாற்காலியை நடுவில் வைத்தார்கள். தங்களுக்கும் வெட்டுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கினார்கள். தனித்தனியாக நிற்காமல் சேர்ந்து நின்றார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது இதுதான். சிலம்பக் கம்பு செய்வதும் இதே வேலைதான், எதிராளியைத் தள்ளி நிறுத்துவது.

அதிலும் ஒன்றை மறக்கக் கூடாது. பாட்டிக்குக் கையில் காயம், கழுத்துச் சங்கிலியும் போய்விட்டது. இத்தனை சாமர்த்தியமாக நின்றவர்களுக்கே இந்த விலை! கத்தி பிடித்த கையை மடக்கலாம் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால், இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு எது வேண்டும்?

இதை நான் எழுதக் காரணம், என்னைப் போன்ற மாணவிகள். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் தற்காப்புப் பயிற்சி நடத்தப்பட்டு வந்திருக்கிறது. கராத்தே, சிலம்பம் என்று 3 மாதம் சொல்லித் தருவார்கள். நல்ல திட்டம். ஆனால் எந்தப் பயிற்சியாக இருந்தாலும் எதிரே நிற்கும் தோழி சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கொடுத்தால் என்ன பிரயோஜனம்? சாயங்காலம் டியூஷன் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கையைப் பிடிக்கிறவன் அப்படியா பிடிப்பான்?

ஆகவே என் கருத்துகள் இவை:

1. பிடிப்பதைவிட விடுபடுவதைப் பழகுவோம். மணிக்கட்டை ஒருவர் பிடித்தால், அவர் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியில் பலவீனமானது. கையை அந்தப் பக்கமாகத் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்போடு சேர்த்து உருவ வேண்டும்.

2. அதையும் மெதுவாகத் தொடங்கி, கடைசிப் பத்து நிமிடமாவது நிஜமாகவே இறுக்கிப் பிடிக்கும் ஆளிடம் பழகுவோம். நம்மைவிடப் பலசாலியிடமும் பழகுவோம். பக்கத்தில் ஆசிரியர் இருக்க வேண்டும். இடைவேளையில் விளையாட்டுக்கு விரலை முறுக்குவது பயிற்சி இல்லை.

3. விடுபட்டதும் ஓட வேண்டும், வாய்விட்டுக் கத்த வேண்டும். "பொம்பளைப்பிள்ளை சத்தம் போடக் கூடாது" என்று வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். கத்துவதையும் மைதானத்தில் பழகத்தான் வேண்டும்!

4. மாணவிகளுக்கும் கபடி வேண்டும். பிடித்தால் பயந்து உறைந்து போகாமல் இருக்க அதைவிட நல்ல பாடம் இல்லை.

5. பிடித்தவன் தெரிந்தவனாகவும் இருக்கலாம். அப்போது வீட்டிலோ ஆசிரியரிடமோ சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

"அப்போ விங் சுன், குத்துவரிசை, கராத்தே எல்லாம் வேஸ்டா?" என்று சண்டைக்கு வராதீர்கள். இல்லவே இல்லை. உடம்புக்கும் மனதுக்கும் நல்லது, ஒழுக்கம் வரும், பயம் தெளியும். நம் சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம் பிடித்தது நமக்கெல்லாம் பெருமை. புரூஸ் லீகூட விங் சுன்னோடு நிற்கவில்லை. குத்துச்சண்டையிலிருந்தும் வாள்சண்டையிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டார். எது பலிக்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார். நாமும் கலையை ரசிப்போம், கற்றுக்கொள்வோம். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் சினிமாவை நம்பாமல் சோதித்துப் பார்த்து நம்புவோம்.

உடற்கல்வி ஆசிரியர் அவர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். அடுத்த வாரம் பி.டி. பீரியடில் ஒரே ஒரு தடவை, "இறுக்கிப் பிடி, விடாதே" என்று சொல்லி எங்களைப் பழக விடுங்கள். மாணவர்களும் கூட நிற்கட்டும். திமிறும் கையைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கும் தெரியட்டும். எவ்வளவு திமிறினால் விடுபடலாம் என்று எங்களுக்கும் தெரியட்டும்.

சிந்திப்போம்! பழகுவோம்! பத்திரமாக வீடு போய்ச் சேருவோம்!



இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு மாணவி