பாலத்துக்குக் காசு! பாடுபட்டவனுக்கு?

ஆஸ்திரியா நாட்டில் செம்மரிங் என்றொரு மலை. அந்த மலையின் மேல் 1854-இல் ஓர் இரயில் பாதை திறக்கப்பட்டது. அதற்கு 150 ஆண்டு நிறைந்ததென்று 2004-இல் அந்நாட்டு நாணயச் சாலை நினைவு நாணயம் ஒன்றை வெளியிட்டது. சுற்றிலும் வெள்ளி, நடுவே பச்சை நிறத்தில் நியோபியம் என்னும் உலோகம். மதிப்பு 25 யூரோ. இதற்கு முன்பே, 1967-இல், 20 ஷில்லிங் நோட்டின் ஒரு பக்கம் அந்தப் பாதையை வகுத்த பொறியாளர் கார்ல் கேகாவின் முகத்தையும், மறுபக்கம் அவர் கட்டிய பாலத்தையும் அச்சிட்டிருந்தார்கள்.

நன்று! அறிவாளிக்குச் சிறப்புச் செய்வதை நாம் பழிக்கவில்லை. 41 கிலோமீட்டர் பாதை. அதில் 16 பெரும் பாலங்கள். அவற்றுள் கால்டே ரின்னே என்னும் பாலம் இரண்டு அடுக்கு வளைவுகளோடு 46 மீட்டர் உயரம் நிற்கிறது. அந்நாளில் டைனமைட் வெடி கிடையாது. கருமருந்தும் கடப்பாரையும் கொண்டுதான் மலையைக் குடைந்தார்கள். வேலை தொடங்கியபோது அந்த ஏற்றத்தில் ஏறவல்ல இரயில் இயந்திரமே உலகில் இல்லை. கேகாவின் துணிவு பெரிய துணிவுதான்.

ஆனால் தோழர்களே, கேகா ஒரு கல்லையாவது தோளில் சுமந்தாரா?

அந்தப் பாதைக்குச் சென்றவை 80,000 கற்கள், ஆறரைக் கோடி செங்கற்கள். சுமந்தவர்கள் ஏறத்தாழ 20,000 தொழிலாளர்கள். பெண்களும் அவர்களில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். யார் இவர்கள்? 1848-இல் வியன்னா நகரில் புரட்சி. வேலையின்மை தலைவிரித்தாடியது. பசித்த கூட்டம் தலைநகரில் இருப்பது ஆபத்தென்று அஞ்சிய அரசாங்கம், பலரை இந்த மலைக்கு அனுப்பிவைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், நகரத்து நிவாரண வேலையில் இருந்த பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் நாட்கூலியில் 5 குரூய்ட்சர் வெட்டினார்கள். தொழிலாளர் திரண்டனர். ஆகஸ்ட் 23-இல் காவற்படை அவர்கள்மேல் பாய்ந்தது. பிராட்டர் திடலில் இரத்தம் சிந்தியது. கூலி கேட்டவனுக்குக் குண்டு. கூலிக்குப் போனவனுக்கு மலை!

மலையில் என்ன கிடைத்தது? 1850 அக்டோபரில் பாறை சரிந்து 14 பேர் மாண்டனர். அதைவிடக் கொடியது அவர்கள் அடைந்து கிடந்த கொட்டகைகள். அங்கே டைபாய்டு போன்ற விஷக்காய்ச்சலும் காலராவும் புகுந்து, நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயின. நெருக்கமான லயமும் கெட்ட தண்ணீரும் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

"சின்னஞ்சிறு காசில் இருபதாயிரம் பேரை எப்படி ஐயா பொறிப்பது?" என்று கேட்பார்கள். 150 என்ற எண்ணுக்கு இடமிருந்தால் 20,000 என்ற எண்ணுக்கும் இடமிருக்கும், மனத்தில்தான் இடமில்லை! "வேலை கொடுத்ததே பெரிய காரியம்" என்பார்கள். இந்தப் பாட்டை நம் தோட்டத்து ஆபீஸ் வாசலிலேயே கேட்டுச் சலித்தவர்கள் நாம். வேலை தானமல்ல, உழைப்பைக் கொடுத்துப் பெற்றது. "1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்துவிட்டதே, அது எல்லாருக்கும் பெருமைதானே?" என்பார்கள். சொத்து என்றால் பங்காளிகள் உண்டல்லவா? பத்திரத்தில் அவர்கள் பெயர் எங்கே?

கிராணி வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். காலைப் பெரட்டில் வந்து நின்றாலும், செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்று கூலி இல்லை. சரித்திரத்துக்கும் ஒரு செக்ரோல் உண்டு. அதில் பேர் போடுகிறவன் துரையாக இருக்கும்வரை, நம்மவர் நாள் முழுதும் உழைத்தும் ஆப்சென்டுதான்!

செம்மரிங் தூரத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 1942-43-இல் சயாம் - பர்மா இரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். அங்கே மடிந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவரில் பெரும்பாலோருக்குப் பெயருமில்லை, கல்லுமில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பாலத்துக்குக் காசு அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். தங்கத்தில் அடித்தாலும் வெள்ளியில் அடித்தாலும், எத்தனை பேர் கட்டினார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்ற கணக்கையும் அதில் பொறிக்கட்டும். அவர்கள் பொறிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். யாருடைய பாட்டன் எந்தக் காட்டை வெட்டினான், எந்தத் தண்டவாளம் போட்டான், யார் திரும்பி வரவில்லை என்று வீடுவீடாகக் கேட்டு எழுதட்டும். எழுதத் தெரிந்தவர்கள் கையைக் கொடுங்கள். நினைவிருப்பவர்கள் வாயைத் திறங்கள்!